சொல்லும் குழந்தையும்: தமிழில் குழந்தைகளுக்குச் சொல் கற்பித்த வரலாறு

குழந்தைக்குச் சொற்களை அறிமுகப்படுத்துவதில் தமிழ்ச் சூழலில் இரண்டு மரபுகள் நெடுங்காலமாக அருகருகே இருந்துவந்தன. ஒன்று வீட்டு மரபு. தாலாட்டு, விடுகதை, விளையாட்டுப் பாட்டு, கதை ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று பள்ளி மரபு. மணலில் எழுதுதல், நீதிநூல் ஒப்பித்தல், நிகண்டு மனப்பாடம் ஆகியவை இதன் வழிகள். முதல் மரபில் சொல் விளையாட்டுப் பொருளாக இருந்தது. இரண்டாவதில் அது சேர்த்து வைக்க வேண்டிய செல்வமாகக் கருதப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் குழந்தைப் பாடலாசிரியர்களும் இதழாசிரியர்களும் ஆசிரியர்களும் இவ்விரு மரபுகளையும் ஒன்றாக்க முயன்றனர். அந்த முயற்சியின் வரலாற்றையும், அதில் இன்னும் தீராமல் நிற்கும் சிக்கல்களையும் இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

வீட்டில் பிறந்த சொற்கள்

குழந்தை கேட்கும் முதல் இலக்கியம் தாலாட்டு. 'தால்' என்பதற்கு நாக்கு என்று பொருள். பாடுபவர் நாவை அசைத்து எழுப்பும் ஒலியால் குழந்தையை உறங்கவைப்பதால் தாலாட்டு என்ற பெயர் வந்தது என்பர். பொருள் விளங்காத பருவத்திலேயே ஒலியின் இனிமை குழந்தையை எட்டிவிடுகிறது. தாலாட்டுகளில் மாமன், அத்தை, பாட்டி என்ற உறவுப் பெயர்களும், ஊர்ப் பெயர்களும், பூக்களின் பெயர்களும் திரும்பத் திரும்ப வரும். தன்னைச் சுற்றியுள்ள உலகின் பெயர்ப் பட்டியலைக் குழந்தை இவ்வாறு காதால் முதலில் பெறுகிறது.

இந்த வீட்டு வழக்கத்தைப் புலவர்கள் இலக்கிய வகையாகவும் ஆக்கினர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன அப்பருவங்கள். இவை குழந்தைகள் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. கடவுளையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பெரியவர்கள் பாடியவை. ஆயினும் தலை நிமிர்த்தி ஆடுவது, கை தட்டுவது, நிலாவை அழைப்பது, மணல் வீடு கட்டுவது என ஒவ்வொரு செயலுக்கும் உரிய சொல்லைத் தமிழர் எவ்வளவு கூர்ந்து கவனித்துப் பெயரிட்டிருந்தனர் என்பதற்கு இவை சான்றாகின்றன.

விடுகதை இதைவிடவும் பழமையானது. தொல்காப்பியம் செய்யுளியலில் 'பிசி' என்ற பெயரால் இதைக் குறிப்பிடுகிறது. ஒப்புமையைக் கொண்டு அமைவது, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணரவைப்பது என அதை இரு வகையாகவும் பிரிக்கிறது. பொருளின் பெயரை மறைத்துவிட்டு அதன் வடிவம், நிறம், இயல்பு ஆகியவற்றை மட்டும் சொல்வதே விடுகதையின் அடிப்படை. முட்டையைக் கதவில்லாத வீடாகப் பார்க்கச் சொல்லும்போது குழந்தை உவமை என்ற இலக்கணச் சொல்லை அறியாமலேயே உவமையைக் கற்றுக்கொள்கிறது. விடையைக் கண்டுபிடித்த குழந்தை உடனே அடுத்தவரிடம் அதே விடுகதையைப் போட ஓடுவது எல்லா ஊர்களிலும் காணக்கூடிய காட்சி.

நாவைப் புரட்டும் விரைவுத் தொடர்களும் இத்தகையவையே. தமிழில் ல, ள, ழ ஆகிய மூன்று ஒலிகளும், ர, ற ஆகிய இரண்டும், ன, ண, ந ஆகிய மூன்றும் பொருளை மாற்றவல்லவை. வலி என்றால் நோவு, வளி என்றால் காற்று, வழி என்றால் பாதை. கலை, களை, கழை என்ற மூன்றும் வெவ்வேறு பொருள் தருபவை. பள்ளியில் இலக்கணப் பாடமாக வரும் இந்த வேறுபாட்டை, நாக்குக் குழறிச் சிரிக்கும் விளையாட்டாகக் குழந்தைகள் தெருவிலேயே பழகிக்கொண்டனர்.

திண்ணைப் பள்ளி

அச்சு நூல்கள் பரவுவதற்கு முன்பு தமிழ் ஊர்களில் கல்வி பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளில் நடந்தது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிய விவரம் கேட்டார். அதன் அடிப்படையில் 1826இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் சிறுமியர் 4,540 பேர் மட்டுமே. பள்ளிகளின் எண்ணிக்கை வியப்பூட்டினாலும் எழுத்து யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது. பெண் குழந்தைகள் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே இருந்தனர். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளின் குழந்தைகளுக்குத் திண்ணையில் ஏற இடமிருக்கவில்லை.

திண்ணைப் பள்ளியில் பாடம் மணலில் தொடங்கியது. தரையில் பரப்பிய மணலில் குழந்தை விரலால் எழுத்தை வரைந்துகொண்டே அதன் ஒலியை உரக்கச் சொல்லும். கையும் வாயும் காதும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் ஈடுபடும். எழுத்து பழகியபின் பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். எண்ணும் அளவையும் எண்சுவடி வழியாகக் கற்பிக்கப்பட்டன. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

எழுத்துக்குப் பின் வந்தவை நீதிநூல்கள். ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, உலகநாதரின் உலகநீதி, அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை ஆகியவை பரவலாகக் கற்பிக்கப்பட்டன. இவற்றுள் ஆத்திசூடியின் அமைப்பு தனித்துக் கவனிக்கத்தக்கது. அதன் அடிகள் அகர வரிசையில் அமைந்தவை. முதலில் 12 உயிரெழுத்துகளுக்கும் ஆய்தத்துக்குமாக 13 அடிகள், பின்னர் உயிர்மெய் வரிசை என அது செல்கிறது. எழுத்தின் வரிசையும் வாழ்க்கைக்கான அறிவுரையும் ஒரே நேரத்தில் நினைவில் பதிய இது வழிசெய்தது. ங என்ற எழுத்தில் தொடங்கும் வழக்குச் சொல் தமிழில் இல்லை. அந்த இடத்தில் ஔவையார் எழுத்தின் பெயரையே சொல்லாக வைத்து உவமை அமைத்துவிட்டார். நீதிநூல் என்று மட்டுமே பார்க்கப்படும் ஆத்திசூடியில் மறைந்திருக்கும் சொல் விளையாட்டு இது.

நிகண்டு கற்பதும் இக்கல்வியின் ஒரு பகுதி. நிகண்டு என்பது செய்யுள் வடிவில் அமைந்த சொற்பொருள் நூல். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பள்ளிகளில் மிகுதியாகப் பயன்பட்டது. அதன் பதினொன்றாம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுகிறது. அத்தொகுதி எதுகை முறையில் அமைந்துள்ளதால், ஒரு சொல்லை நினைத்தால் ஒலியால் ஒத்த அடுத்த சொல்லும் நாவில் வந்து நிற்கும். தாள் விலை உயர்ந்ததாகவும் நூல் அரிதாகவும் இருந்த காலத்தில் நினைவே அகராதியாக இருந்தது.

உ.வே. சாமிநாதையர் (1855–1942) தம் தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில் திண்ணைப் பள்ளி நாட்களை விரிவாக எழுதியுள்ளார். மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் முன் உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரையோ, விலங்கின் பெயரையோ, ஊரின் பெயரையோ சொல்லியனுப்பும் வழக்கத்தை அதில் குறிப்பிடுகிறார். மறுநாள் காலையில் மாணவன் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். நினைவாற்றலை வளர்ப்பதே இதன் நோக்கம். வீட்டுக்குச் செல்லும் வழியெல்லாம் ஒரு குழந்தை ஒரே ஒரு சொல்லைச் சுமந்து செல்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வழக்கத்தின் அழகு விளங்கும். ஏட்டுச் சுவடிகளில் மறைந்து கிடந்த சங்க இலக்கியச் சொற்களைப் பிற்காலத்தில் மீட்டுக் கொடுத்தவர் கற்ற பள்ளி இத்தகையது.

இம்முறையின் மறுபக்கம் கடுமையானது. பொருள் விளங்காமலேயே நூற்றுக்கணக்கான செய்யுள்களை ஒப்பிக்க வேண்டியிருந்தது. பிரம்படியும், கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் போன்ற தண்டனைகளும் வழக்கத்தில் இருந்தன. சொல் நினைவில் நின்றாலும் அதனோடு அச்சமும் சேர்ந்து நின்றது.

எழும்பூர் மணலிலிருந்து இங்கிலாந்து வரை

திண்ணைப் பள்ளியின் மணலெழுத்து கடல் கடந்தும் சென்றது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். அங்கிருந்த ஆசிரியர்களால் சிறுவர்களுக்கு எழுத்தறிவிக்க இயலவில்லை. இந்நிலையில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைப் பெல் கண்டார். அதையே தம் இல்லத்தில் நடைமுறைப்படுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது மூத்த மாணவன் ஒருவனைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார்.

இங்கிலாந்து திரும்பியபின் 1797இல் இந்த அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் இம்முறை 'சென்னை முறை' என்ற பெயரில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையை லண்டனில் நடத்தினார். ஏழைக் குழந்தைகள் பெருமளவில் எழுத்தறிவு பெற இவ்விரு முறைகளும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பட்டன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பொருளால் அமைந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது.

விரலால் எழுத்தை வரைந்து கற்பிக்கும் எண்ணம் வேறொரு வழியில் மீண்டும் சென்னைக்கு வந்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கினார். அவரது முறையில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவி அதன் ஒலியைச் சொல்லும். இது ஐரோப்பாவில் தனியே உருவான முறை. ஆயினும் எழுதும் முன்பே எழுத்தின் வடிவத்தை விரல் அறிய வேண்டும் என்பதில் அடையாற்று வகுப்பும் பழைய திண்ணையும் ஒன்றுபட்டன. மாண்டிசோரி வகுப்பில் பிரம்பு இல்லை என்பதே பெரிய வேறுபாடு.

அச்சு நூலும் பாலபாடமும்

19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியதும் குழந்தைக்கென்று தனி நூல்கள் தோன்றின. 1840இல் நாகர்கோவிலிலிருந்து வெளிவந்த 'பாலதீபிகை' தமிழின் முதல் சிறுவர் இதழாகக் குறிப்பிடப்படுகிறது. தொடக்ககாலச் சிறுவர் இதழ்கள் பல கிறித்தவ மறைப்பணியோடு தொடர்புடையவை.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822–1879) 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதன் மாணவர்களுக்காகப் பாலபாட நூல்களைப் படிநிலையாக எழுதி அச்சிட்டார். அவை செய்யுளில் அல்லாமல் உரைநடையில் அமைந்தன. எளிய சொல்லில் தொடங்கி நீண்ட வாக்கியத்துக்கும் பின் கட்டுரைக்கும் மாணவனை அழைத்துச் செல்லும் ஒழுங்கு அவற்றில் இருந்தது. நிறுத்தக்குறிகளைப் பயன்படுத்திச் சொற்களைப் பிரித்து அச்சிட்டதால் குழந்தை தானே வாசிப்பது எளிதாயிற்று. அதுவரை ஆசிரியர் சொல்லக் கேட்டு ஒப்பித்த மாணவன் இப்போது தனியே அமர்ந்து படிக்கக்கூடியவனானான். சமய ஒழுக்கத்தைக் கற்பிப்பதே பாலபாடத்தின் நோக்கமாக இருந்தாலும், தமிழ்ச் சிறுவர் உரைநடையின் முக்கியமான தொடக்கங்களுள் அது ஒன்று.

எழுத்து மறுக்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளிகளும் இந்நூற்றாண்டின் இறுதியில் பெருகின. மறைப்பணியாளர்கள் நடத்திய பள்ளிகளோடு, 1894இல் ஹென்றி ஆல்காட் சென்னையில் பஞ்சமர் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சொல்லின் இன்பத்தைப் பற்றிப் பேசும்போது இவ்வரலாற்றை ஒதுக்கிவிட முடியாது. பள்ளிக்குள் நுழையவே போராட வேண்டியிருந்த குழந்தைக்கு, தன் பெயரைத் தானே எழுதுவது வெறும் பாடமாக இருந்திருக்காது.

குழந்தைக்காகப் பாடிய கவிஞர்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தையை நோக்கிய குரல் மாறியது. சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் (1908–1918) பாப்பாப் பாட்டையும் புதிய ஆத்திசூடியையும் எழுதினார். ஔவையாரின் அகர வரிசை அமைப்பை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் உள்ளடக்கத்தை மாற்றினார். பழைய ஆத்திசூடி அறம் செய்வதை முதலில் வைக்கிறது. பாரதியின் ஆத்திசூடி அச்சத்தை விடுவதை முதலில் வைக்கிறது. பாப்பாப் பாட்டில் ஓடுதல், விளையாடுதல், குருவி, கோழி, காக்கை, பசு எனக் குழந்தையின் அன்றாட உலகம் வருகிறது. பாட்டின் சொற்களும் அந்த உலகத்துக்கு உரியவை.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) நாஞ்சில் நாட்டின் தேரூரில் பிறந்தவர். ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். குழந்தைகளை நாள்தோறும் வகுப்பில் கண்டவர் என்பதை அவரது பாடல்கள் காட்டுகின்றன. பசுவும் கன்றும் பற்றிய அவரது சிறிய பாடல் இன்றும் தமிழ்க் குழந்தைகள் கற்கும் முதல் பாடல்களுள் ஒன்று. அதில் அறிவுரை எதுவும் இல்லை. தாயும் சேயும் சேர்ந்திருக்கும் காட்சி மட்டுமே உள்ளது. காட்சியைச் சொல்லால் கண்முன் நிறுத்தினால் போதும், நீதியைக் கடைசியில் ஒட்டவைக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை தமிழ்க் குழந்தைப் பாடலில் இவ்வாறு வேர்கொண்டது. அவரது 'மலரும் மாலையும்' தொகுப்பு 1938இல் வெளிவந்தது.

இலங்கையில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இதே பணியைச் செய்தார். ஆடிப்பிறப்பு நாளில் கூழும் கொழுக்கட்டையும் உண்ணும் மகிழ்ச்சியைப் பாடிய அவரது பாடல் ஈழத்துக் குழந்தைகளின் நினைவில் தலைமுறைகளாக வாழ்கிறது. கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றியும் அவர் பாடினார். தமிழ்நாட்டில் சோளக்கொல்லைப் பொம்மை என்று சொல்லப்படுவதே யாழ்ப்பாணத்தில் வெருளி. தம் ஊர்ச் சொல்லை மாற்றாமல் பாட்டில் வைத்ததால், அக்குழந்தைகளுக்கு அது பாடநூல் மொழியாக அல்லாமல் வீட்டு மொழியாகவே ஒலித்தது. 1935இல் வெளிவந்த 'பிள்ளைப் பாட்டு' தொகுப்பு ஈழத்துக் குழந்தைப் பாடல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

அழ. வள்ளியப்பாவும் குழந்தை எழுத்தாளர் சங்கமும்

குழந்தைக் கவிஞர் என்று அழைக்கப்படும் அழ. வள்ளியப்பா (1922–1989) புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள ராயவரத்தில் பிறந்தார். 1940இல் சக்தி வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' இதழின் அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியராக இருந்த தி.ஜ. ரங்கநாதன் அவரை எழுதத் தூண்டினார். 1941இல் இந்தியன் வங்கியில் சேர்ந்து ஓய்வுபெறும்வரை அங்கேயே பணியாற்றினார். வங்கிக் கணக்குகளுக்கு இடையே குழந்தைப் பாடல்களை எழுதிவந்தார். 23 பாடல்கள் கொண்ட அவரது முதல் தொகுப்பு 'மலரும் உள்ளம்' 1944இல் வெளிவந்தது. 1954இல் அது 135 பாடல்களுடன் விரிவான தொகுப்பாக வந்தது.

வள்ளியப்பாவின் பாடல்களில் அடிகள் குறுகியவை. ஒரே சொல் திரும்ப வரும். எதுகை காதுக்குத் தெளிவாகக் கேட்கும். பெரும்பாலான சொற்கள் நாலைந்து வயதுக் குழந்தை முன்பே கேட்டறிந்தவை. புதிய சொல் ஒன்று வந்தால், சுற்றியுள்ள சொற்களே அதன் பொருளை உணர்த்திவிடும். கதையைப் பாட்டாகச் சொல்வதும், கடைசி அடியில் சிரிப்பை வைப்பதும் அவருக்குக் கைவந்தவை. ஈசாப் கதைகளையும் காந்தியடிகளின் வரலாற்றையும் அவர் பாட்டாக எழுதினார். படித்துப் பொருள் சொல்ல வேண்டிய செய்யுளுக்கும், கேட்டவுடன் பாட வரும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் அவரது பாடல்களிலிருந்து அறிந்துகொண்டனர். அவை பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றன.

1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் சென்னையில் தொடங்கப்பட்டது. வள்ளியப்பா அதன் உருவாக்கத்தில் முன்னின்றார். குழந்தைகளுக்கு எழுதுவது பெரியவர்களுக்கு எழுதத் தெரியாதவர்களின் வேலை என்ற எண்ணம் அந்நாளில் இருந்தது. அதை மாற்றிக் குழந்தை இலக்கியத்தைத் தனித்துறையாக நிறுத்தியதில் சங்கத்துக்கு முக்கியப் பங்குண்டு. மாநாடுகள், நூற் கண்காட்சிகள், போட்டிகள் ஆகியவற்றின் மூலம் பல புதிய எழுத்தாளர்களை அது உருவாக்கியது.

இதழ்களின் காலம்

1940களின் இறுதி முதல் தமிழில் சிறுவர் இதழ்கள் பெருகின. 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா' படங்களோடு கூடிய கதைகளால் வீடுதோறும் சென்றது. ஆர்வி ஆசிரியராக இருந்த 'கண்ணன்' சிறுவர்களையே எழுதத் தூண்டியது. 1972இல் கல்கி நிறுவனத்திலிருந்து 'கோகுலம்' வெளிவந்தது. 1980களில் வள்ளியப்பா அதன் ஆசிரியராக இருந்தார். வாண்டுமாமா 'பூந்தளிர்' இதழை நடத்தினார். 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' இதழைத் தொடங்கி, அறிவியலைக் குழந்தைக்கு விளங்கும் தமிழில் சொல்லும் பணியை மேற்கொண்டது.

இதழ்கள் செய்த பெரிய மாற்றம், வாசிப்பைத் தேர்விலிருந்து பிரித்தது. படித்ததை ஒப்பிக்க வேண்டியதில்லை. பிடிக்காத பக்கத்தைப் புரட்டிவிடலாம். பிடித்த கதையைப் பத்து முறை படிக்கலாம். அடுத்த இதழுக்குக் காத்திருக்கலாம். வாசகர் கடிதத்தில் தன் பெயர் அச்சில் வந்ததைக் கண்ட குழந்தை, சொல்லைப் பெறுபவனாக மட்டும் இல்லாமல் தருபவனாகவும் ஆனது. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி ஊர்களில் அமைந்த கிளை நூலகங்கள், இதழ் வாங்க இயலாத குடும்பக் குழந்தைகளுக்கும் இவ்வாய்ப்பைத் தந்தன.

குழந்தைகள் கலைக்களஞ்சியம்

பெ. தூரன் (1908–1987) முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில் 10 தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை உருவாக்கினார். அதன்பின் 1968 முதல் 1976 வரை குழந்தைகளுக்கென்றே 10 தொகுதிகள் கொண்ட 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' அவரது ஆசிரியப் பொறுப்பில் வெளிவந்தது. தூரன் கோவை அருகே பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். குழந்தை உளவியல் குறித்தும் நூல்கள் எழுதியவர்.

அகர வரிசையில் படங்களோடு அமைந்த இக்களஞ்சியத்தின் சிறப்பு, குழந்தை தானே தேடிக் கண்டடைய வாய்ப்பளித்தது. ஒரு சொல்லைத் தேடிச் செல்லும் வழியில் தேடாத நான்கு சொற்களைப் படித்துவிட்டு வருவது அகர வரிசை நூல்களுக்கே உரிய இன்பம். அதோடு, வானியல் முதல் உயிரியல் வரையுள்ள செய்திகளைக் குழந்தைக்கு விளங்கும் தமிழில் சொல்ல முடியும் என்பதையும் அது நிறுவியது. ஔவையின் அகர வரிசையில் கட்டளையைக் கற்ற குழந்தை, தூரனின் அகர வரிசையில் கேள்விக்கு விடை தேடக் கற்றது.

வகுப்பறையில் வந்த மாற்றங்கள்

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் உள்ளன. இவை அனைத்தையும் வரிசையாகக் கற்ற பின்னரே சொல்லுக்குச் செல்வது பழைய முறை. இதனால் குழந்தை பல மாதங்கள் பொருளற்ற ஒலிகளோடே இருக்க நேர்ந்தது. எளிய கோடுகளால் ஆன ட, ப, ம போன்ற எழுத்துகளை முதலில் கற்பித்து, அவற்றாலேயே படம், மடம், பட்டம் போன்ற சொற்களை உடனே படிக்கவைக்கும் முறை இக்குறையைப் போக்க வந்தது. சில எழுத்துகளை அறிந்தவுடனேயே ஒரு முழுச் சொல்லைப் படித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கிறது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவம் இதற்கு முன்மாதிரியாக இருந்தது. பின்னர் இது மாநிலம் முழுவதும் விரிந்தது. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்றனர். சுவரின் கீழ்ப்பகுதியில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைக்கப்பட்டது. ஆசிரியருக்கு மட்டும் உரியதாக இருந்த கரும்பலகை குழந்தைக்கும் உரியதாயிற்று. கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டமும், 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டன. எழுத்தை முன்பே கற்ற குழந்தைகளும் வாசிப்பின்றி அதை மறந்துவிடக்கூடும் என்பதை அக்காலம் உணர்த்தியது.

தீராத விவாதங்கள்

இவ்வரலாற்றில் மூன்று கேள்விகள் தொடர்ந்து எழுந்துவருகின்றன. முதலாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. வீட்டில் 'வந்துச்சு' என்று பேசும் குழந்தை பள்ளியில் 'வந்தது' என்று எழுத வேண்டும். வீட்டுச் சொல்லைப் பிழை என்று திருத்தும்போது குழந்தை பேசவே தயங்குகிறது. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, ஊர்ச்சொற்களும் அகராதியில் இடம்பெறத் தகுந்தவை என்பதை நிறுவியது. எழுத்துத் தமிழைக் கற்பிப்பது பள்ளியின் கடமை. அதற்காக வீட்டுத் தமிழை இழிவுபடுத்த வேண்டியதில்லை என்பதே இன்று பல கல்வியாளர்களின் கருத்து.

இரண்டாவது, நீதியா, இன்பமா என்ற கேள்வி. கதையின் முடிவில் நீதி சொல்லும் வழக்கம் தமிழில் இன்றும் வலுவானது. அதற்கு மாறாகச் சொல்லின் ஓசையையும் கற்பனையையும் முதன்மைப்படுத்தும் நூல்களும் வருகின்றன. சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருது இத்துறைக்குக் கவனம் பெற்றுத் தந்துள்ளது. அவ்விருதை 2020இல் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பாலியல் சீண்டலுக்கு உள்ளாகும் சிறுமி அதை வெளியே சொல்லத் துணிவதைப் பற்றியது. நடந்ததைச் சொல்லச் சொல் இல்லாத குழந்தை தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. சொல்லின் ஆற்றல் என்பது பேச்சுப் போட்டி மேடைக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நூல் தெளிவாக்குகிறது.

மூன்றாவது, யாருக்கு நூல் கிடைக்கிறது என்ற கேள்வி. 1826இன் கணக்கில் விடுபட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பள்ளியில் இருக்கின்றனர். ஆனால் பாடநூலைத் தவிர வேறு நூலே இல்லாத வீடுகள் இன்னும் பல. வகுப்பறை நூலகத்தின் அலமாரி பூட்டியே இருந்தால் அதிலுள்ள நூல்களால் பயனில்லை.

மதிப்பீடு

தமிழில் குழந்தைக்குச் சொல் கற்பித்த வரலாற்றில் பழையது முழுவதும் கொடுமை என்றோ, புதியது முழுவதும் நன்மை என்றோ கூற இயலாது. திண்ணைப் பள்ளி நினைவாற்றலையும் காதுக்குரிய தமிழையும் தந்தது, கூடவே அச்சத்தையும் விலக்கலையும் தந்தது. அச்சும் இதழும் தனியே வாசிக்கும் இன்பத்தைத் தந்தன, ஆயினும் வாங்கும் வசதியுள்ளவர்களையே முதலில் சென்றடைந்தன. இன்றைய வகுப்பறை எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் பாட்டுக்கும் விடுகதைக்கும் அங்கு ஒதுக்கப்படும் நேரம் குறைவு.

ஒவ்வொரு காலத்திலும் பயன்தந்த வழிகளுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு. மாலையில் வீட்டுக்கு எடுத்துச்செல்லக் கிடைத்த ஒரு பூவின் பெயர், பசுவும் கன்றும் பற்றிய ஒரு பாட்டு, வெருளி என்ற ஊர்ச்சொல், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கரும்பலகை என எல்லாவற்றிலும் சொல் குழந்தையின் கையில் கொடுக்கப்பட்டது. பெரிய செலவோ கருவியோ இவற்றுக்குத் தேவைப்படவில்லை. நாள்தோறும் ஒரு விடுகதை, வாரம் ஒரு கதை, பூட்டாத ஒரு நூல் அலமாரி ஆகியவை எந்தப் பள்ளியிலும் எந்த வீட்டிலும் இன்றும் இயலக்கூடியவையே.